குடத்தில் தண்ணீர் இருந்ததா

பலவேசம் புலவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று தம்முடைய பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் கேசட் கடை. ஊர் ஊராகக் கோயில் கொடை விழா நடக்கிற மாதம் என்பதால் கடைக்காரன் வில்லுப்பாட்டாகவே போட்டுக்கொண்டிருந்தான். அந்த வெயிலிலும் புலவர் கழுத்தில் துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று கூடச் சொல்லவில்லை, கையைத் தூக்கிச் சும்மா இரு என்கிற மாதிரி காட்டினார். இரண்டு பேரும் நின்று கேட்டோம். எங்கள் வீட்டில் பதிந்த பாட்டு அது. குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது, பனை ஏறுகிறவன் ஓலைக்குள் மறைகிற மாதிரி. "நல்லாப் பாடுதான்லா" என்றார் புலவர். யாரு என்றேன். "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கவன். அவன்தான் வே என் தொண்டையைத் தின்னவன்." குரல் கரகரவென்று, காய்ந்த சருகை மிதிப்பது போல வந்தது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் எனக்குப் பிறகு சிரித்தார், அதை நான் அன்று கவனிக்கவில்லை. தென்காசி பஸ் வந்தது, ஏறிப் போனார். ஆடி பிறக்கும் முன் செய்தி வந்துவிட்டது. பெட்டிக்குள்ள இருக்கவன். அந்தச் சொல்லை வயசான கலைஞன் வாய்க்கு வந்ததைச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இன்று பாளையங்கோட்டையில் இந்தச் சின்ன அறையில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, என் மூச்சே எனக்குச் சத்தமாகக் கேட்கிற இடத்தில், மடியில் பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் சொன்னது அப்படியே உண்மை என்று தெரிகிறது. தெரியவைத்த பிள்ளை பேர் பெர்சிஸ். பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ வாங்கிவரப் போயிருக்கிறாள். "அவசரம் இல்லை ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும்." பாட்டுப் பதிந்த அன்று தாளத்துக்கு அடித்த இந்தக் குடத்தில் தண்ணீர் இருந்ததா? அவ்வளவுதான் கேள்வி. காலையில் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்த குடம். வேட்டி வழியாகத் தொடையில் குளிர்கிறது. அந்தப் புளிவாடை இன்னும் கையில் இருக்கிறது.

பாட்டரி என்றாள் பெர்சிஸ். பாட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடும், மெதுவாகப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் குரல் மெலிந்து மேலே ஏறிக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னாள். பாட்டரி இறங்கியிருக்கலாம். என் மச்சான் தூத்துக்குடியில் கப்பல்காரர்களிடம் வாங்கிவந்த, பாட்டும் பதிகிற ரேடியோப் பெட்டி, அதற்கு ஆறு பாட்டரி, ஆறும் எங்கள் ஊர்க் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வெயில் காய்ந்து கிடந்தவை. புதுசு என்றுதான் கொடுத்தான், நாங்களும் புதுசு என்றுதான் போட்டோம். எங்கள் ஊருக்கே அது முதல் பெட்டி, குரல் எப்படிக் கேட்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும். மறுநாள் மின்சாரத்தில் மாட்டிப் போட்டபோது புலவர் குரல் உச்சியில் நின்றது. தெருவே கூடிவிட்டது. புலவர் மட்டும் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு இருந்தார். இது நானா வே என்றார். நீர்தான், தன் குரல் தனக்கு அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தானாம் என்று மச்சான் சொன்னான். யாரோ கப்பலில் சொல்லியிருக்கிறார்கள். புலவர் நம்பினார், நானும் நம்பினேன். மச்சான் அந்த நாடாவைத் திருநெல்வேலிக் கடையில் கொடுக்க, அது நூறாகி ஆயிரமாகி ஒவ்வொரு கோயில் மரத்திலும் கட்டிய குழாயில் பாடியது. அதற்குப் பிறகுதான் எல்லாம். புலவர் நேரில் வந்து வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பாடினால், முதல் வரி முடியும் முன்பே கூட்டத்திலிருந்து எவனாவது, "புலவரே, கேசட்டுல பாடுனாப்ல பாடும்" என்பான். என்ன பணம் வாங்கலையோ, குரலை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீரோ என்பான் இன்னொருத்தன். புலவர் ஏற்றிப் பாடினார். அடுத்த கொடையில் இன்னும் ஏற்றினார். எட்டாத கிளையை எட்டி எட்டி ஒரு மனிதனுக்கு எவ்வளவு காலம் முடியும். ரத்தம் வந்தது என்று பின்பாட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். தன்னைப் போலவே பாடப் பார்த்துத் தொண்டை கெட்ட ஒரே பாட்டுக்காரர் அவராகத்தான் இருப்பார்.

அப்படியென்றால் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது, குடத்தில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் போயிற்று. பெர்சிஸ் குடத்தின் சத்தத்தை வைத்து நாடாவின் வேகத்தைக் குறைப்பாள், புலவர் தன் குரலுக்கு இறங்கி வருவார். ஆனால் அந்த நாடாவில் புலவர் மட்டும் இல்லை. ஆவுடையும் இருக்கிறாள். என் மனைவி ஆவுடையம்மாள். புலவர் இறங்கினால் அவளும் இறங்குவாள். அவள் போய்ப் பதினோரு வருஷம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சானும் போய்விட்டான். அவள் குரல் இப்படித்தானே இருந்தது என்று பக்கத்தில் கேட்டுப் பார்க்க ஒருவர் இல்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் நாடாவைப் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பேன். புலவர் ஒரு வரி பாடுவார், அவள் ஆமா என்பாள். அடுத்த வரி, ஆமா. மெல்லிசாக, பாவாடைச் சிறுமி கொலுசைக் குலுக்குகிற மாதிரி ஒரு ஆமா. அதுதான் ஆவுடை. அதுதானா? இந்த அறைக்கு வந்ததிலிருந்து கண்ணை மூடி வேறொரு ஆவுடையைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் பேசியதை நினைத்தால் சொல் வருகிறது, சன்னலைச் சாத்துங்க என்றாள், ஆனால் அது நாடாக் குரலில்தான் வருகிறது. எருமையை அதட்டியது, பால்காரனிடம் சண்டை போட்டது, எல்லாம் அந்தக் கொலுசுக் குரலில். ஐம்பத்தாறு வயசில் மூட்டுவலியோடு இருந்த பொம்பளை சிறுமிக் குரலில் சன்னலைச் சாத்தச் சொல்வாளா? நானே ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலை அழித்து அதன் மேல் இதைப் பதிந்துவிட்டேனா? அல்லது உண்மையிலேயே அவள் குரல் அப்படித்தானா, பெர்சிஸ் சொல்வதுதான் தப்பா? சின்னப் பிள்ளை அவள், அவளுக்கு என்ன தெரியும் ஆவுடையை.

தப்பாக இருக்க வழி உண்டு. பெர்சிஸேதான் சொன்னாள் அதையும். நான் கொண்டுவந்த குடத்தின் வாயில் பனையோலை விசிறியால் அடிக்கச் சொன்னாள், புலவர் அன்று அடித்த மாதிரியே. அடித்தேன். கும் என்றது. நாடாவில் உள்ள கும்மைப் போட்டாள். அது உயரத்தில் இருந்தது. என் காதுக்கே தெரிந்தது. அவள் கணினித் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டி, இந்த இடைவெளிதான் பாட்டரி செய்த வேலையாக இருக்கலாம் என்றாள். பிறகு தானே தயங்கினாள். மூலையில் இருந்த தண்ணீர்க் கேனிலிருந்து கொஞ்சம் குடத்தில் ஊற்றி மறுபடி அடிக்கச் சொன்னாள். கும் ஏறியது. இன்னும் ஊற்றினாள், இன்னும் ஏறியது, நாடாவின் பக்கத்தில் வந்துவிட்டது. "பாருங்க ஐயா, அரைக்குடம் தண்ணி இருந்திருந்தா நாடா இருக்கபடியே சரி. வெறுங்குடம்னா நாடா தப்பு. பின்னாடி அவர் கோயில்கள்ல பாடினதெல்லாம் இதைவிடத் தாழத்தான் இருக்கு. ஆனா வயசுல குரல் இறங்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அதை வச்சு நான் முடிவு பண்ண முடியாது." தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, துணியால் உள்ளே துடைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் என் மடியில் வைத்தாள். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள் போல, விரலால் தடவி, ஆவுடையம்மாள் என்று மெதுவாக வாசித்தாள். சீருக்கு வாங்கும்போது அவள் அப்பா வெட்டச் சொன்னது. அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அரைக்குடம் இருந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கு நஷ்டம். ஒரு குடத்தில் அரைக்குடம் இருப்பது உலகத்தில் நடக்காத காரியமா. ஆவுடை எப்போதும் குடத்தை வெறுமையாக வைக்கமாட்டாள், வெறுங்குடம் வீட்டுக்கு ஆகாது என்பாள், ஒரு செம்புத் தண்ணீராவது கிடக்கும். ஆம், அப்படிச் சொல்வாள். அப்படியென்றால் அன்றைக்கும் கிடந்திருக்கும். அன்றைக்கு. அன்றைக்குப் புலவர் வில்லும் இல்லாமல், ஆளும் இல்லாமல், சும்மா பெட்டியைப் பார்க்கத்தான் வந்தார். மச்சான் பாடச் சொன்னான். தாளத்துக்கு ஒரு குடம், ஆமா போட ஒரு ஆள், இரண்டும் இல்லாமல் கதை நகராது வே என்றார். குடத்தை அடுக்களையிலிருந்து நான்தான் எடுத்துவந்தேன். எடுத்துவந்தபோது கனத்ததா? கை என்ன சொல்கிறது? இடது கையால் கழுத்தைப் பிடித்து, ஒற்றைக் கையால், வலது கையில் மைக்கு இருந்தது, மச்சான் பிடிக்கச் சொன்ன மைக்கு. அரைக்குடம் தண்ணீரை ஒற்றைக் கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்குவேனா? தூக்குவேன், அப்போது வயசு. இல்லை, மைக்கு பிறகு கொடுத்தான். பிறகுதானா? முதலில் நான் ஆமா போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குள் புலவர் பாட்டை நிறுத்திவிட்டார். "நீரு ஆமா சொன்னா, விசாரிச்சுட்டுச் சொல்லுதேன்னு சொல்லுத மாதிரி இருக்கு. வேண்டாம் வே. தங்கச்சி, நீ வாம்மா." அடுக்களை நடையிலிருந்து ஆவுடை, "எனக்குக் கதை தெரியாதே அண்ணாச்சி" என்றாள். "ஆமா சொல்லுததுக்குக் கதை தெரியணுமாக்கும்? உன் வீட்டுக்காரரு ஒன்னும் தெரியாமத்தான உனக்கு ஆமா போட்டுக்கிட்டு இருக்காரு." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாடாவில் இல்லை, மச்சான் இன்னும் பொத்தானை அமுக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே கடைசிவரை ஆமா போட்டாள். மடையாத்தாள் கதை. குளத்து மடை உடைந்த இரவில், அடைக்க மண்ணும் மரமும் கிடைக்காமல், தன்னையே மடைக்குக் குறுக்கே போட்டுக்கொண்ட பெண்ணின் கதை. மடை உடைஞ்ச ராத்திரியில, ஆமா, மண்ணெடுக்கப் போனவளாம், ஆமா, மண்ணுமில்ல மரமுமில்ல, ஆமா. தண்ணீர் தண்ணீர் என்று பாட்டெல்லாம் தண்ணீர். குடத்தில் இருந்ததா?

வாசலில் பொம்பளைகள் நின்றார்கள். இது எங்கிருந்து வருகிறது? வாசலில் ஏன் நின்றார்கள், பாட்டுக் கேட்கவா? பாட்டு தொடங்கிய பிறகு கேட்டார்கள், ஆனால் அதற்கு முன்னாலேயே நின்றார்கள், இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு. எல்லார் குடமும் சாய்ந்து இருந்தது. தண்ணீர் உள்ள குடத்தை யாரும் அப்படிச் சாய்த்து வைக்கமாட்டார்கள். வெறுங்குடம். "மோட்டாரு, இன்னைக்கும் தண்ணி கிடையாதா? நாங்க என்ன மண்ணையா குடிக்க?" ஊரில் என் பெயரே மோட்டாருதான், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை எனக்கு. கரண்டு இல்லையே தாயி, கரண்டு வந்தாத்தான மோட்டார் ஓடும் என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். கரண்டு போய் இரண்டு நாளோ மூன்று நாளோ. அதனால்தான் பெட்டிக்குப் பாட்டரி. அதனால்தான் பகல் நேரத்தில் நான் வீட்டில் சும்மா இருந்தேன். கரண்டு இருந்திருந்தால் நான் மோட்டார் அறையில் இருந்திருப்பேன், பாட்டே பதிந்திருக்காது. மோட்டாரு வீட்டில் மட்டும் தண்ணீர் இருக்கும் என்று ஒருத்தி சந்தேகப்பட்டு உள்ளேயே வந்துவிட்டாள். ஆவுடை கோபப்படவில்லை. அடுக்களைக்குக் கூட்டிப்போய், இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். இந்தக் குடத்தையும். வெறுங்குடம் ஆகாது என்பவள், தன் கையாலேயே தலைகீழாகக் கவிழ்த்து, பார்த்துக்கிடுங்க மதினி என்றாள். கவிழ்ந்து கிடந்த குடத்தைத்தான் நான் எடுத்தேன். கழுத்தைப் பிடித்து அல்ல. அடியில் கைவைத்து நிமிர்த்தி எடுத்தேன். கை இப்போது ஒன்றும் தடுமாறவில்லை. ஒரு சொட்டு இல்லை.

தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த பிறகு அரைக்குடம் என்று சொல்வதற்கு வேறு நாக்கு வேண்டும். சொல்லவும் முடியும்தான். இந்தப் பிள்ளை நம்பிவிடும். நாடா இருக்கிறபடியே இருக்கும், ஆவுடை இருக்கிறபடியே இருப்பாள், இன்று சாயங்காலமும் விளக்குப் போட்டதும் கொலுசு மாதிரி ஆமா. புலவர்? புலவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு இனி என்ன. வயசில் குரல் கெட்டுப்போன பாட்டுக்காரர் என்று எழுதிவைப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்குப் பிறகு சிரித்தார். ஏன் பிறகு சிரித்தார்? நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, சரி, இவரும் நம்பமாட்டார் என்று முடிவு செய்துகொண்டு சிரித்தார். ஆமா போட ஆள் இல்லாமல் ஒரு வரி பாடாத மனிதர். அன்று தன் வாழ்க்கையிலேயே உண்மையான ஒரு வரியைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஆமா போடவில்லை. கதவு திறக்கிறது. டீ வாசனை முன்னால் வருகிறது. காகிதக் கோப்பை சுடுகிறது, அதைக் குடத்தின் மேல் வைக்க மனம் வராமல் தரையில் வைக்கிறேன். "ஞாபகம் வந்துச்சா ஐயா?" என்கிறாள். தெரியலைன்னாலும் பரவாயில்லை, ரெண்டு வேகத்துலயும் போட்டு வச்சுடலாம் என்கிறாள். நல்ல பிள்ளை. எனக்கு ஒரு வழி திறந்து வைக்கிறாள். தண்ணீர் இல்லை என்கிறேன். அன்னைக்கு ஊரிலேயே தண்ணி கிடையாதும்மா. நிச்சயமா என்கிறாள். ஆமா என்கிறேன். என் ஆமா எனக்கே விசாரித்துவிட்டுச் சொல்வது போல இல்லை.

அவள் என் காதில் பாட்டுக் கேட்கிற குமிழ்களை மாட்டுகிறாள். திரையில் எதையோ இழுத்து இறக்குகிறாள். பாட்டு முழுக்கக் குடம் அடித்துக்கொண்டே இருப்பது நல்லதாகப் போயிற்று, அதைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை சரி செய்யலாம் என்கிறாள். முதலில் புலவர் வருகிறார். மடை உடைஞ்ச ராத்திரியில. அகலமான குரல், ஈரம் உள்ள குரல், அவசரமே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற குரல். இது நானா என்று கேட்கமாட்டார் இதை. பிறகு யாரோ ஒரு பொம்பளை ஆமா என்கிறாள். யார் இவள்? தடித்த குரல். சளி பிடித்த மாதிரி, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மாதிரி. மண்ணெடுக்கப் போனவளாம். ஆமா. தெரியாத பொம்பளை. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பதினோரு வருஷம் யாரோடு உட்கார்ந்திருந்தேன், இவள் யார், இரண்டில் எவளும் ஆவுடை இல்லாமல் போய்விட்டால் நான் எங்கே போவது. கழற்றிவிடலாம் என்று கை போகிறது. கதை மடையைத் தாண்டி விடிகாலைக்கு வந்துவிட்டது. மடையாத்தாள் செத்துக்கிடக்கிறாள். ராசா வந்து அழுதாராம் என்கிறார் புலவர். அந்த இடத்தில் அவளுடைய ஆமா எனக்கு மனப்பாடம். ஒரு நொடி பிந்தி வரும், மெல்லிசாக நடுங்கும், இத்தனை சாயங்காலமும் அந்த இடத்தில் அவள் அழுகிறாள் என்றே நினைத்து நானும் கண்ணைத் துடைத்திருக்கிறேன். இப்போதும் ஒரு நொடி பிந்தி வருகிறது. ஆமா. அது அழுகை இல்லை. மூக்கால் ஒரு மூச்சை விட்டு, ‘ஆ’வை இழுத்து, ‘மா’வைத் தரையில் போடுகிற ஆமா. செலவில் மிச்சம் பிடித்து உனக்குச் சங்கிலி செய்வேன் என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் சொன்ன ஆமா. பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த வருஷம் புது மோட்டார் வருகிறது என்றபோது வாசல் பெருக்கிக்கொண்டே சொன்ன ஆமா. ஆமா, அழுதாரு. பெரிய ராசா. அவ செத்த பிறகு வந்து அழுவாரு. அவ்வளவும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. புலவருக்கும் தெரிந்திருக்கிறது, அடுத்த வரியை எடுக்கும் முன் சிரிப்பை விழுங்குகிறார், அந்தச் சின்ன விழுங்கல் கூட இப்போது கேட்கிறது. சன்னலைச் சாத்துங்க. வந்துவிட்டது. அதுவும் இந்தத் தடித்த குரலில், எரிச்சலோடு, எத்தனை தடவை சொல்ல என்கிற மாதிரி, சரியான இடத்திலிருந்து வந்துவிட்டது.

"சத்தம் சரியா இருக்கா ஐயா?" என்று பெர்சிஸ் உதட்டை அசைத்துக் கேட்கிறாள். தலையை ஆட்டுகிறேன். டீ ஆறிவிட்டது. பாட்டு முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. மங்களம் பாடுவதற்கு முன்னாலேயே பாட்டு அறுந்துவிடும் அந்த நாடாவில். எங்கள் வீட்டு முற்றத்துப் பல்பு சட்டென்று எரிந்ததும் நான் எழுந்து தொட்டிக்கு ஓடினேன், மச்சான் பொத்தானை அமுக்கினான். ஆவுடையம்மாள் பேசிப் பதிந்தது இந்த உலகத்தில் இது ஒன்றுதான். அதில் அவள் ஆமா என்கிறாள். கடைசியில், "கரண்டு வந்துட்டு" என்கிறாள். வேறு ஒரு சொல்லும் இல்லை.